‘இன்னா துன்னே?’ என்று கேட்காத ஸ்பேனர்

என்னோடு வேலை பார்த்த தம்பிகள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். இருவரிடமும் பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து வாசல் முழுக்கப் பரப்புவதும், வீட்டில் திட்டு வாங்குவதும், பொழுது சாய்வதற்குள் மாட்டி முடிப்பதும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. “அண்ணே, வீட்டு வேலைக்கு மலிவா ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கணும், எது வாங்கலாம்?” என்று கேட்டார்கள். நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று முள்ளால் காட்டும் ஸ்பேனருக்குத்தான் அந்தப் பெயர்.

பதில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம், சொல்லியும் விட்டேன். ஆனால் அவர்கள் போன பிறகு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் என் முதல் டார்க் ரெஞ்சை வாங்கியது இரண்டு களி உருண்டைகளால் வந்த வினை. அதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

திருத்தணி மலையடிவாரத்தில், இரண்டே பஸ் வைத்திருந்த ஒரு முதலாளியின் ஷெட்டில் இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் சேர்ந்தேன். மிஷன் பள்ளியில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் என்னை எடுத்தார்கள். அப்போது பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில்தான் ஓட்டினோம். முதல் மூன்று வருஷத்தில் நான் கற்றது கரி அள்ளுவதும் இருமுவதும்தான். சண்டை முடிந்து பெட்ரோல் வந்தபோதுதான் ஸ்பேனர் என் கைக்கு வந்தது.

ஷெட்டுக்கு மேஸ்திரி ஆசீர்வாதம். ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டைக்கு இஸ்திரி போடாமல் வேலைக்கு வர மாட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர், யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. என்ஜின் வேலையில் அவரை மிஞ்ச அரக்கோணம் வரை ஆள் கிடையாது. அவரிடம் ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. என்ஜின் தலையில் மூடியை உட்கார வைத்து அதன் நட்டுகளை இறுக்கும் வேலை வந்தால், ஸ்பேனரைக் கையில் கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்பார்.

“காத்தால இன்னா துன்னே?”

கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்பார். அந்த மூடியை நாங்கள் ஹெட் என்போம். அதற்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பாக்கிங் தகடு இருக்கும். நட்டு குறைவாக இறுகினால் பாக்கிங் வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். அதிகமாக இறுகினால் நட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டட் கம்பி முறிந்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்பது இழுப்பவன் பலத்தைப் பொறுத்தது, பலம் அவன் வயிற்றைப் பொறுத்தது என்பது மேஸ்திரியின் கணக்கு. கஞ்சி குடித்தவன் நட்டு நிற்கும் வரை இழுக்கலாம். இட்லி சாப்பிட்டவன் மூன்று நட்டு வரைக்கும்தான், நாலாவது நட்டில் காற்று இறங்கிவிடுமாம். பழைய சோறு சாப்பிட்டவன் அன்றைக்கு ஸ்பேனரைத் தொடக் கூடாது, தூங்கிவிடுவான். கேழ்வரகுக் களி தின்றவன் நட்டு நிற்பதற்குக் கால் சுற்று இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். விரதம் இருப்பவன் மூச்சைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்து, அதற்கு மேல் இன்னொரு கால் சுற்றும் சுற்ற வேண்டும்.

அவர் மட்டும் தினமும் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பை கஞ்சியும்தான் சாப்பிடுவார். கை மாறக் கூடாது என்பதற்காக அவர் கல்யாண விருந்தில்கூட அதையேதான் சாப்பிட்டாராம். ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் உபவாசம் இருப்பார், அந்த நாற்பது நாளும் ஸ்பேனரைத் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை வாங்குவார்.

இதில் என்னையும் மாட்டிவிட்டது என் மாமா. அம்மாவின் தம்பி கோதண்டம், எங்கள் பஸ்ஸிலேயே கண்டக்டர். அவர் மகள் செங்கமலத்தை எனக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேச்சு. எனக்கும் அவள்மேல் உயிர். ஆனால் மாமா முருகபக்தர், ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாதா மாதம் கிருத்திகைக்கு நான் விரதம் இருக்க வேண்டும், இருட்டும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. “மலையடிவாரத்துல பொறந்துட்டு கிருத்திகைக்குத் துன்றவனுக்கு எம் பொண்ணு கெடையாது” என்று ஊரறியச் சொல்லியிருந்தார். நான் பசி தாங்காதவன். ஆனாலும் எட்டு கிருத்திகை சமாளித்தேன்.

ஒன்பதாவது, ஆடிக் கிருத்திகை. மலை முழுக்க பூக்காவடி, ரோடு முழுக்க ஜனம். அன்றைக்குப் பார்த்து விடியற்காலை நடையிலேயே ஒரு பஸ் கனகம்மாசத்திரத்தில் பாக்கிங் வெடித்து நின்றுவிட்டது. அதை மெல்ல உருட்டிக்கொண்டு வர என்னை அனுப்பினார்கள். என்ஜின் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். எதிரே ஒரு கடை. ஆவி பறக்கும் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நான் திரும்பி உட்கார்ந்தேன். வாசனையும் திரும்பி வந்தது. இரண்டு உருண்டை உள்ளே போனது எனக்கே தெரியாது என்று சொன்னால் பொய், ஒவ்வொரு வாயும் நன்றாகத் தெரிந்தது. வாயைக் கொப்பளித்து, விபூதியைப் பட்டையாகப் பூசிக்கொண்டு பஸ்ஸை ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஹெட்டைக் கழற்றி, புதுப் பாக்கிங் வைத்து, மூடியாயிற்று. வெளியே ஜனம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. மாமா டிக்கெட் பையோடு என் பக்கத்தில் நிற்கிறார். மேஸ்திரி ஸ்பேனரை நீட்டிக் கேட்டார்.

“காத்தால இன்னா துன்னே?”

மாமாவைப் பார்த்தேன். “விரதம், மேஸ்திரி” என்றேன்.

“அப்ப மூச்சப் புடிச்சி இழு. அதுக்கு மேல கால் சுத்து.”

அவர் சொன்னபடியே செய்தேன். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது நட்டில் பட் என்று ஒரு சத்தம். ஸ்பேனரோடு நானும் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி கத்தவில்லை. முறிந்த ஸ்டட்டின் மேல் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முறிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

“இது களி.”

மாமாவுக்குப் புரியவில்லை. “இன்னா மேஸ்திரி?”

“விரதம் இருக்கிறவன் இழுத்தா இப்படி முறியாது கோதண்டம். இது களி. ரெண்டு உருண்டை இருக்கும். கொழம்பு ஊத்தித் துன்னுருக்கான்.”

நான் கருவாட்டைப் பற்றியும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தே போனேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “சாமி நாள்ல பொய் சொல்றவன் நாளைக்கு எம் பொண்ணாண்ட இன்னா சொல்ல மாட்டான்? இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டு, காத்திருந்த ஜனத்திடம் பஸ் இல்லை என்று சொல்லப் போனார்.

மீதித் துண்டை எடுப்பதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, நட்டநடுவில் புள்ளி குத்தி, கை டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை போட்டு, அதில் சதுர இரும்பை அடித்து இறக்கி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். துளை ஒரு நூல் கோணினாலும் என்ஜின் பாழ். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, “மெல்ல… மெல்லடா…” என்று கோயிலில் ஜெபம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஸ்டட் வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. பஸ் பிழைத்தது, என் கல்யாணம்தான் முறிந்து போயிற்று.

பொய் சொன்னது நான்தான். ஆனாலும் என் கோபமெல்லாம் அந்தக் கேள்வியின் மேல் போயிற்று. என்ன சாப்பிட்டாய் என்று கேட்காமலே நட்டை இறுக்க இந்த உலகத்தில் வழியே இல்லையா? பஸ்ஸோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று டீக் கெட்டிலுக்கு அடியில் கிடந்தது. கறையைத் துடைத்துப் புரட்டினேன். ஹெட் நட்டுக்கு அறுபத்தைந்து என்று போட்டு, முள் வைத்த ஒரு ஸ்பேனரின் படமும் இருந்தது. நட்டின் நடுவிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் விழும் முறுக்கு ஒன்று, அப்படி அறுபத்தைந்து. இட்லியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அரக்கோணத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே அதே மாதிரி மூன்று தொங்கின. கடைக்காரர் அவற்றில் சட்டை மாட்டி வைத்திருந்தார். எதற்கான சாமான் என்று கேட்டேன். “தொரைங்க மீன் புடிச்சா அதுல மாட்டி எடை பாப்பாங்க” என்றார். நானும் தலையாட்டினேன், உண்மையைச் சொன்னால் விலை ஏறும்.

இனி அந்தத் தம்பிகளுக்குச் சொன்னது. மூன்றில் ஒன்று ஆள் உயரம் இருந்தது, முன்னூறு வரைக்கும் எண். நமக்கு வேண்டியது அறுபத்தைந்து. பெரிய தராசில் கொத்துமல்லி நிறுத்த மாதிரிதான் ஆகும், அதை விட்டேன். மற்ற இரண்டும் நூறு வரை. நமக்கு அடிக்கடி வேண்டிய எண் அளவின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இவை வளையும் கம்பி வகை. கைப்பிடியை இழுத்தால் தடித்த கம்பி வளையும், மேலே உள்ள மெல்லிய முள் வளையாமல் நின்று எண்ணைக் காட்டும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றும் கிடையாது. ஏழைக்கு இதுதான் சரி. சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன், இரண்டும் நின்றன. அதோடு நம்பிவிடக் கூடாது. பக்கத்துக் காப்பிக்கொட்டைக் கடையில் ஐந்து ராத்தல் கல் நான்கை இரவல் வாங்கினேன். ஸ்பேனரின் தலையைக் கடையிலிருந்த வைஸ் என்ற இரும்புப் பிடியில் கவ்வி, கம்பியைப் படுக்கையாக நீட்டி, தலையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், கைப்பிடியின் ஆணிக்கு நேராக இருபது ராத்தலையும் தொங்கவிட்டேன். ஒன்றரை இருபது முப்பது. ஒன்று முப்பது காட்டியது, இன்னொன்று முப்பத்தேழு. முப்பது காட்டியதை வாங்கினேன். முப்பத்தேழில் கடைக்காரர் மறுபடி சட்டையை மாட்டினார்.

மறுநாள் அதை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி சுற்றி வந்து பார்த்தார்.

“இது இன்னா துன்னும்?”

“ஒண்ணும் துன்னாது மேஸ்திரி. அதான் விசேஷமே.”

“துன்னாம எப்படிரா வேலை செய்யும்?” என்றார். ஆனால் ஒருநாள் அவர் தன் கையாலேயே இறுக்கிய பதினெட்டு நட்டையும் நான் அதை வைத்துப் பார்க்க விட்டார். அறுபத்து நாலு, அறுபத்தைந்து, அறுபத்தாறு. பதினெட்டும் அதற்குள்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அந்த மனிதரைப் பழித்ததற்காக என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அவருக்கோ ஆச்சரியமே இல்லை. “பரவால்ல, நல்ல ஸ்பேனருதான், சரியா சொல்லுது” என்று அதற்கு நற்சான்று கொடுத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மற்ற ஆட்களை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். களி தின்றவன் தொண்ணூறு வரை போனான், இட்லிக்காரன் ஐம்பதில் நின்றான். மேஸ்திரி சாக்கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினார். களி தொண்ணூறு, கஞ்சி எழுபது, இட்லி ஐம்பது, விரதம் நாற்பது. அவர் கிறுக்கை ஒழிக்க நான் வாங்கிய கருவி அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது.

செய்தி ஊரில் பரவியது. தையல்காரர் ஒருவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ‘முள்ளு ஸ்பேனர்’ போட்டு இறுக்கித் தரச் சொன்னார். அந்தச் சின்ன நட்டுக்கு ஐந்துகூடத் தேவையில்லை, இந்தக் கம்பி இருபதுக்குக் கீழே சொல்வதெல்லாம் உத்தேசம்தான் என்று திருப்பி அனுப்பினேன். வீட்டு வேலைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொருவர் துருப்பிடித்த வண்டிச்சக்கர நட்டைக் கழற்றக் கேட்டார். இறுக்கத்தான் இது, கழற்ற அல்ல என்றதற்குக் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் முக்கால்வாசிப் பேர் வந்தது வேறு காரியத்துக்கு. விரதம் இருந்ததை இழுத்துக் காட்ட வந்தார்கள்.

அதற்குக் காரணம் என் மாமா. சுவரில் எழுதியிருந்ததைப் படித்ததும் அவருக்கு யோசனை வந்துவிட்டது. விரதம் என்று சொல்கிறவர்களையெல்லாம் ஷெட்டுக்குப் போய் இழுத்துக் காட்டச் சொன்னார். கார்த்திகை மாதக் கிருத்திகை அன்று என்னைக் கூப்பிட்டார். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

“விரதமா?”

“விரதம் மாமா.” நிஜமாகவே விரதம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலு மாதமாக அவள் முகத்தைப் பார்க்காத துக்கத்தில் எனக்குப் பசியே போயிருந்தது.

“வாயால சொன்னா ஆச்சா? இழுத்துக் காட்டு. நாப்பத்தஞ்சுக்குள்ள நின்னா எம் பொண்ணு ஒனக்கு. மேல போனா, இதோ இவருக்கு.”

இவர் என்று காட்டியது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை. மாமாவுடைய பஸ் அன்றைக்கு ஷெட்டில், என்ஜினுக்குள் படிந்த கரியைச் சுரண்டுவதற்காக ஹெட்டைக் கழற்றிப் போட்டு நின்றிருந்தது. பழைய என்ஜின் ஒன்றில் ஒரு போல்ட்டைப் பற்றவைத்து அசையாமல் செய்திருந்தார்கள், அதில்தான் சோதனை. குமாஸ்தா முதலில் வந்தார். ஒரு கை சட்டைப் பையில், ஒரு கை ஸ்பேனரில். “அம்மா” என்று முனகினார். முள் இருபதைத் தொட்டது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னா விரதம்! இன்னா விரதம்!” என்றார். குமாஸ்தா சிரித்தார். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்ல இழுத்தால் போதும். ஊரே இப்படித்தான் மெல்ல இழுத்துவிட்டுப் போயிருக்கிறது, மாமாவுக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் அது தோன்றவே இல்லை. நானும் நாற்பதில் நிறுத்தி, முனகி, செங்கமலத்தைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். கையை வைத்தேன். ஆடி மாதம் இதே இடத்தில் பொய் சொன்னது ஞாபகம் வந்தது. இன்னொரு பொய்யில் அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக, என்னால் முடிந்த மட்டும் இழுத்தேன்.

தொண்ணூற்று நாலு.

“களி!” என்று மாமா கத்தினார். “பாத்தீங்களா மேஸ்திரி? களியத் தாண்டிட்டான்!”

மேஸ்திரி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒண்ணுமே துன்னலையாடா?” என்றார். “கெணத்துத் தண்ணிகூட இல்ல மேஸ்திரி” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

அதற்குள் வாசலில் நின்றிருந்த கூட்டம் விலகியது. செங்கமலம் உள்ளே வந்தாள். ஸ்பேனர் இழுப்பதைப் பார்த்து அப்பா தன்னைக் கட்டிக்கொடுக்கப்போகிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், ஒரு காலை என்ஜின்மேல் ஊன்றினாள், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முள் நாற்பத்தைந்தைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது, ஐம்பத்தெட்டில் நின்றது.

மாமா மெல்லக் கேட்டார். “நீ… விரதம்தானேம்மா?”

“ஆங். அம்மாவக் கேளு. காத்தாலேருந்து எச்சிகூட முழுங்கல.” முள்ளைக் காட்டினாள். “அப்ப நான் துன்னுட்டேனா நைனா? இட்லியா, கஞ்சியா, பாத்துச் சொல்லு.”

மாமா முள்ளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“பாவா பொய் சொல்றாருன்னா நானும் பொய்தான்” என்றாள் என்னைக் காட்டி. “நீயும் விரதந்தானே? வா, நீ ஒரு தபா இழு. இம்மாம் பேரும் பாக்கட்டும்.” ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுக்காமல் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாமா இரண்டடி வைத்தார். கையை நீட்டினார். கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றது. அப்படியே துண்டுக்குப் போய், இல்லாத வியர்வையைத் துடைத்தது.

“தை மாசத்துல முகூர்த்தம் பாத்துக்கலாம்” என்றார் என்னைப் பார்க்காமல். “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடைத்தெருப் பக்கம் நடந்தார். அவருடைய பஸ் பதினெட்டு நட்டும் கழற்றி, ஹெட் திறந்தபடி, எங்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது.